அவள் பார்க்காத கடைசிப் பக்கம்

என்னுடைய கணினி சத்தம் போடாமல் ஒருநாளும் எழும்பியதில்லை. ஆளியை அழுத்தியதும் உள்ளேயிருக்கும் காற்றாடி கரகரவென்று சுற்றும், ஒரு தடவை விக்கும், பிறகு நீண்ட நேரம் யோசிக்கும். அந்த நேரத்துக்குள் நான் குசினிக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்து, தேயிலை போட்டு, கோப்பையோடு திரும்பி வந்துவிடலாம். அப்போதுதான் திரையில் பச்சைப் புல்வெளியும் நீல வானமும் தோன்றும். எங்கள் ஊரான பூவரசங்குளத்தில் அப்படியொரு புல்வெளியை நான் கண்டதில்லை. என்றாலும் பல வருடங்களாகக் காலையில் நான் முதலில் பார்த்தது அதைத்தான். வீட்டில் வேறு முகம் இல்லாதவன் எதையாவது பார்க்கத்தானே வேண்டும்.

கணினியின் பக்கத் தகட்டை எப்போதோ கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். வெக்கை நாளில் மேசைக் காற்றாடியை அதன் வயிற்றுக்கு நேரே திருப்பி வைப்பேன், எனக்கு வியர்க்கும். இரண்டு தடவை உள்ளே பல்லி முட்டையிட்டது. நினைவகத் தகடு அடம்பிடித்தால் அதை உருவி எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் அழிறப்பரால் அதன் பித்தளைப் பல்லைத் தேய்த்துத் திரும்பச் செருகுவேன். பத்தில் ஒன்பது தடவை உயிர் வந்துவிடும். இந்த வைத்தியத்தை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. ஆத்திரத்தில் ஒருநாள் செய்து பார்த்தேன், வேலை செய்தது.

உள்ளேயிருந்த பொத்தான் அளவுப் பற்றரி செத்து வெகு காலம். அதனால் ஒவ்வொரு நாளும் கணினி தன்னை ஒரு பழைய வருடத்தின் ஜனவரி முதலாம் திகதி என்று நினைத்துக்கொண்டுதான் எழும்பும். நான் திகதியைத் திருத்திவிட்டு வேலையைத் தொடங்குவேன். பற்றரியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. நான் மாற்றவில்லை. அந்தப் பழைய வருடத்தில் என் மனைவி உயிரோடு இருந்தாள். திகதியைத் திருத்துவதற்கு முந்திய ஒரு நிமிடத்தை நான் தேநீர் குடித்துக்கொண்டு சும்மா பார்த்திருப்பேன். இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும், யாரும் வந்து சொல்லித் தரத் தேவையில்லை.

சொல்ல ஆட்கள் வராமலும் இல்லை. கிராம அலுவல் பார்க்கும் விதானையார் தொடக்கம் மின்மானி பார்க்க வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் என் கணினியைப் பற்றி ஒரு கருத்து இருந்தது.

“இந்த விண்டோஸ் எக்ஸ்பியை இன்னும் வைச்சிருக்கிறியளோ ஐயா? இது காலாவதியாகி எவ்வளவு காலம்.”

“நானும்தான் காலாவதி. என்னை எங்கை கொண்டுபோய் மாத்துறது?” என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். அதோடு கதை முடியும். சில வேளை அதற்கும் மேலே மூக்கை நுழைப்பார்கள். அப்போது என்னுடைய கோப்பெல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கிறது, புதிய கணினியில் அது திறக்காது, திறந்தாலும் குப்பையாய் வரும் என்று ஒரு விளக்கம் வைத்திருந்தேன். கேட்டவர்களுக்கு விளங்காது, ஆகையால் நம்புவார்கள். அது பாதி உண்மை. முழு உண்மை வேறு. அந்தக் கணினிக்குள் ஒரு பக்கம் இருந்தது. அதை வேறு ஒருவர் பார்ப்பதை நான் விரும்பவில்லை. நானே திறந்து பார்க்கவும் துணிவில்லை. கணினியை மாற்றினால் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் திறந்து, இடம் மாற்றி, சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பக்கத்தையும் பார்ப்பார்.

அது என்ன பக்கம் என்று சொல்வதற்கு முதல் என்னுடைய தொழிலைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சிறு புத்தகமும் கொடுப்பது வழக்கம். நினைவு மலர் என்போம், பழைய ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். முன்னட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், திருவாசகம், அவருடைய வாழ்க்கை வரலாறு. அதன் பிறகு பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று விருத்தங்கள். கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். மரணச் செய்தி கேட்டு ஓடி வந்தவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும் நன்றி என்று எழுதி, அடியில் வலப் பக்கத்தில் ‘இங்ஙனம்’ என்று போட்டு, வீட்டுக்காரர் எல்லோரும் உறவுமுறை சொல்லிக் கையெழுத்துக்குப் பதிலாக நிற்பார்கள். எங்கள் பகுதியிலும் செட்டிகுளம் பக்கத்திலும் அந்தப் புத்தகங்களில் பாதிக்கு மேல் நான்தான் தட்டச்சுச் செய்தேன். அச்சடிப்பது வவுனியாவில்.

தொழில் ரகசியம் ஒன்றும் பெரிதாக இல்லை. யாரும் ஒரு மலரை வெறும் தாளிலிருந்து தொடங்குவதில்லை. போன மாதம் செத்தவரின் கோப்பைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, பழையவரை அழித்து அந்த இடத்தில் புதியவரை வைப்போம். தேவாரம் அதேதான். புலம்பலில் ‘அப்பா’வை ‘அம்மா’ ஆக்கினால் போதும். நன்றி நவிலலில் பெரும்பாலும் கை வைக்கவே தேவையில்லை. செத்தவர்கள் வேறு வேறு என்றாலும் பந்தல்காரன் ஒருவன்தானே.

ஆனால் இந்த முறையில் பிழை விட்டால் சாதாரணப் பிழையாக இராது. முன்னம் செத்தவரின் மருமகன் பின்னால் செத்தவரின் வீட்டில் வந்து நிற்பார். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பத்துக்குள் கதை பேச்சு நின்றுவிடும். அதனால் என் மனைவி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு சரி பார்ப்பாள். அவள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள், பிழை பிடிப்பதில் அவளுக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. நான் அச்செடுத்த தாளை வைத்துக்கொண்டு அவள் கதிரையை என் கதிரையோடு ஒட்டிப் போடுவாள். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி முன்னுக்கு வருவாள். முன்னிருந்து போனால் கடைசிக்கு வரும்போது கண் களைத்துவிடும் என்பது அவளுடைய கட்சி. அவள் சத்தமாக வாசிக்க, வீட்டுக்காரர் எழுதித் தந்த கொப்பியை நான் பார்த்துக்கொண்டு போவேன்.

“இஞ்சருங்கோ, போன கிழமை செத்த மனிசன்ரை பேத்தி இந்த மனிசியின்ரை வீட்டிலையும் நிண்டு அழுகிறா. அவவை அனுப்பிவிடுங்கோ.”

இப்படித்தான் சொல்லுவாள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். புலம்பல்கள் அவளுக்குப் பிடிக்காது. உயிரோடு இருக்கும்போது ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொடுக்காதவர்கள் எட்டு விருத்தம் புலம்புகிறார்கள் என்பாள். “எனக்கு உதொண்டும் போட்டிடாதேங்கோ” என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். “நீர் எனக்குப் பிறகுதான் போவீர். எனக்கு என்ன போடுறதெண்டு யோசியும்” என்று நான் சொல்லுவேன். அவளைவிட எனக்கு ஒன்பது வயது கூட. நான் கணக்குப் போட்டது அப்படி.

நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அவள் இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைப் பற்றி நாங்கள் இளம் வயதில் நிறைய அழுதோம், நடுவயதில் பேசாமல் விட்டோம், பிறகு அது வீட்டில் கிடக்கும் ஒரு தளபாடம் மாதிரிப் பழகிவிட்டது. செத்த வீட்டில் கொள்ளி வைத்தது நான்தான். வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சொந்தம் வந்தது. அவளுடைய தங்கை கனடாவிலிருந்து வந்து முப்பத்தொன்று முடியும் வரை நின்றா. நினைவு மலரை வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்வியுங்கோ என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் செய்தவன் அவளுக்குச் செய்யாமல் விடுவதா என்று ஒரு வீறாப்பு. வழக்கம் போலக் கடைசியாகச் செய்த கோப்பைத் திறந்தேன். அது ஏழு பிள்ளைகள் பெற்ற ஒரு அம்மாவுடையது. வேறு பெயரில் சேமித்தேன். ‘தாயார்’ என்று வந்த இடமெல்லாம் ‘மனைவியார்’ ஆக்கினேன். புலம்பல்களை மொத்தமாக அழித்தேன். வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்கு மூன்று நாள் எடுத்தது. திரை அடிக்கடி கலங்கித் தெரிந்தது, அதற்குக் கணினி பொறுப்பில்லை.

பக்கத்தில் அவளுடைய கதிரை கிடந்தது. சரி பார்க்க ஆளில்லை. நானே முதல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு போனேன், கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கண் களைத்துவிட்டது. இருநூறு பிரதி அச்சாகி வந்தது.

முப்பத்தோராம் நாள் பின்னேரம், எல்லோரும் போன பிறகு, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கதிரையில் யாரோ ஒரு பிரதியை மறந்து விட்டுப் போயிருந்தார்கள், கவிழ்த்து வைத்தபடி. பின்னட்டையைத் திருப்பினேன். நன்றி நவிலல் அப்படியே இருந்தது. அடியில், வலப் பக்கத்தில்:

இங்ஙனம்,
கணவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்.

அந்த ஏழு பிள்ளைகளின் குடும்பத்தை நான் அழிக்க மறந்துவிட்டேன். அவர்கள் எல்லோரும் என் மனைவிக்காக நன்றி சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

இருநூறு வீட்டுக்கு அது போய்விட்டது. பிள்ளை இல்லையென்று அவள் முகத்துக்கு நேரேயும் முதுகுக்குப் பின்னாலும் கதைத்தவர்கள் வீடு உட்பட. அவளைச் செத்த பிறகு ஒரு தடவை பகிடி பண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். இன்றைக்கு யாராவது கேட்பார்கள், நாளைக்குக் கேட்பார்கள் என்று பார்த்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. “மலர் நல்ல வடிவாய் வந்திருக்கு” என்று விதானையார் மட்டும் சொன்னார். யாரும் கடைசிப் பக்கம் வரை வாசிப்பதில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதன் பிறகு எத்தனையோ மலர் செய்தேன். ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கிச் சரி பார்த்தேன். அவளுடைய கோப்பை மட்டும் திறக்கவில்லை. திருத்தினாலும் ஒரு பிரயோசனமும் இல்லை என்று ஒரு சாட்டு. போகப் போக வேலையும் குறைந்தது. இப்போது செத்தவரின் படத்தை வவுனியாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் அன்றைக்கே கலரில் புத்தகம் வருகிறது, ஒருவரும் என் வீட்டு வாசலுக்கு வரத் தேவையில்லை. மாதத்துக்கு ஒருவர், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருவர். பிறகு கடிதம் அடிக்க வருகிறவர்கள் மட்டும். ஒரு வாரம் முழுக்க நான் வாய் திறந்து கதைத்தது வாசலில் பாண் விற்க வருகிறவனோடு மட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு உறைத்தது. அன்றைக்குக் கணினியை அணைக்காமல் விட்டேன். அதன் காற்றாடிச் சத்தம் இல்லாவிட்டால் வீடு தாங்க முடியாமல் இருந்தது.

எட்டாம் ஆண்டுத் திவசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மச்சாள் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தா. மனைவியின் தங்கையைத்தான் சொல்கிறேன். வருடத்தில் இரண்டு தடவை எடுப்பா, சுகம் கேட்டுவிட்டு வைப்பா. இந்த முறை அலுவல் இருந்தது.

“அத்தான், அக்காவின்ரை திவசத்துக்கு இஞ்சை கோயிலிலை ஒரு பூசை செய்யிறம். அந்த மலரை எல்லாருக்கும் போனிலை அனுப்புவம் எண்டு பாக்கிறன். உங்கடை கொம்பியூட்டரிலை இருக்குந்தானே?”

“இருக்கு.”

“அப்ப அனுப்பிவிடுங்கோ. அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் ஒருக்காத் திருத்திப்போட்டு அனுப்புங்கோ.”

முற்றத்தில் மயில் ஒன்று வேலிக்கு மேலே ஏற முடியாமல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உமக்கு எப்ப தெரியும்?” என்று கேட்டேன்.

“அண்டைக்கே தெரியும் அத்தான். எல்லாருக்கும் தெரியும். அண்டைக்கு உங்களிட்டை என்னெண்டு சொல்லுறது.”

எல்லாருக்கும் தெரியும். எட்டு வருடமாக இந்த ஊர் முழுவதும் என் முகத்தைப் பார்த்துக் காலநிலை பேசியிருக்கிறது. அவர்கள் செய்தது மரியாதை என்று எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் கோபம் வந்தது. ஒருவராவது வந்து, ‘என்ன ஐயா இப்பிடி விட்டிட்டியள்’ என்று கேட்டிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன்.

திருத்தி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுத்த நாள் கரண்ட் இல்லை. அதற்கு அடுத்த நாள் மழை, இடி. மூன்றாம் நாள் எனக்குத் தலையிடி. இப்படி ஒரு கிழமை சாட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டாம் நாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, அவளுடைய கதிரையைக் கூடப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு ஆளியை அழுத்தினேன்.

மூன்று தடவை கூவியது. திரை கறுப்பாகவே இருந்தது.

அழிறப்பரை எடுத்தேன். தேய்த்தேன், செருகினேன், அழுத்தினேன். தூசி தட்டினேன். வயர்களைக் கழற்றிப் பூட்டினேன். மத்தியானம் வரை மல்லுக்கட்டினேன். பிறகு அது கூவுவதையும் நிறுத்திவிட்டது. எட்டு வருடம் திறக்க மனமில்லாமல் வைத்திருந்த பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று நான் நினைத்த அன்றைக்கே அது மூடிக்கொண்டது. வீடு நிசப்தமாக இருந்தது. நான் உண்மையாகவே பயந்துபோனேன். கணினி போனதற்கு அல்ல. அவளுக்கு நான் விட்ட பிழை திருத்த முடியாமலே நின்றுவிடும் என்று.

மறுநாள் பெட்டியை ஒரு படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வவுனியாவில் எனக்குத் தெரிந்த கடை ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவரை நானா என்பேன், முஸ்லிம் ஆட்களை நாங்கள் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம். பழைய கணினிச் சாமான் விற்பவர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் நீண்ட காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர், ஐம்பது வயதிருக்கும். வேறெங்கும் கிடைக்காத விசைப்பலகையும் சுட்டியும் எனக்கு அவர்தான் தேடித் தருவார். என் வீட்டு விசயம் எதுவும் அவருக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. நினைவு மலர் செய்கிறவர் என்று மட்டும் தெரியும்.

விரிப்பை அவிழ்த்து உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்.

“போர்ட் முடிஞ்சிட்டுது ஐயா. பாருங்க, இதெல்லாம் வீங்கிப்போய்க் கிடக்கு. இவ்வளவு காலம் ஓடினதே பெரிய விசயம்.”

“உள்ளுக்கை உள்ளது?”

“அது வேற, இது வேற. பயப்படாதீங்க, டிஸ்க் நல்லா இருக்கும்.”

வன்தட்டைக் கழற்றித் தன்னுடைய கணினியில் பொருத்தினார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. என்னுடைய கோப்புறைகள் எல்லாம் அவருடைய அகன்ற திரையில் வரிசையாக வந்து நின்றன. நான் எட்டு வருடமாக ஊருக்குச் சொன்ன விளக்கம் ஐந்து நிமிடத்தில் போயிற்று. எது வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். திறந்தார்.

படம் வந்தது. ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது, தோளுக்குப் பக்கத்தில் வேறு யாருடையதோ சேலைக்கரை தெரியும். படத்துக்குக் கீழே அவளுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கிடந்தன. உள்ளே பக்கம் பக்கமாக அப்படித்தான். தேவாரம், அவள் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், சங்கத்தில் இருந்த காலம், எல்லாம் குப்பை. “போச்சுது” என்றேன்.

“ஒண்டும் போகல்ல. இந்தக் கணினியில பாமினி இல்ல, அவ்வளவுதான். பொறுங்க.”

என்னுடைய பழைய தட்டுக்குள்ளிருந்தே எழுத்துருவை எடுத்துத் தன் கணினியில் போட்டார். திரும்பத் திறந்தார். அவள் பெயர் தமிழில் வந்தது. நான் எழுதிய மாதிரியே, நான் வைத்த அளவிலேயே. நான் கண்ணைத் துடைத்ததை அவர் கண்டும் காணாததுமாய் இருந்தார். எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். சத்தமாக வாசித்தார். தட்டச்சுக்காரருக்கு முன்னால் வாசித்துக் காட்டுவது மரியாதை என்று நினைத்திருப்பார்.

“இங்ஙனம், கணவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். எழுத்தெல்லாம் சரியா வந்திருக்கு. இது உங்கட வீட்டுக்காரம்மாவா ஐயா? பேரப்பிள்ளைங்க எத்தின பேர்?”

“மூண்டு” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அது வாயில் ஆயத்தமாக இருந்தது.

“எங்க இருக்காங்க?”

“கனடாவிலை.”

“அப்ப இந்தப் பழசை வச்சுக்கொண்டு எப்படி அவங்களோட கதைக்கிறீங்க? கமராவும் இல்ல, ஒண்டும் இல்ல.” அவருக்கு உண்மையாகவே மனவருத்தம். மேசைக்குக் கீழிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்தார், பாவித்ததுதான், நல்ல நிலையில் இருக்கிறது என்றார். விரித்து எனக்கு முன்னால் வைத்து எதையோ அழுத்தினார். திரையில் ஒரு கிழவன் வாயைத் திறந்துகொண்டு இருந்தான். பின்னால் கடையின் தட்டுகள். அது நான்தான் என்று பிடிபடக் கொஞ்சம் நேரம் சென்றது.

“நம்பரைச் சொல்லுங்க ஐயா. இப்பவே எடுத்துப் பாப்பம். முகத்தப் பாத்துக் கதைச்சுப் போட்டு, பிறகு வாங்கிறதா இல்லையா எண்டு யோசிங்க.”

“அங்கை இப்ப நித்திரையாய் இருப்பினம்.”

“தாத்தா எடுத்தா எழும்புவாங்க” என்று சிரித்தார். விரலை விசைகளில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்துவிட்டுக் கடையில் நின்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். எல்லோருக்கும் அந்தப் பேரப்பிள்ளைகளைக் காண ஆசை. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவர்களுடையது என்று சொல்ல என்னிடம் ஒரு இலக்கமும் இல்லை.

“நானா, எனக்குப் பிள்ளையள் இல்லை” என்றேன்.

அவர் விரலை எடுத்தார்.

“அது பிழை. வேறை ஒரு ஆளின்ரை கோப்பிலை இருந்தது, நான் அழிக்க மறந்திட்டன். எப்பவும் அவதான் பிழை பாக்கிறவ. இந்தப் புத்தகத்தை அவ பாக்கேல்லை. அதைத் திருத்தத்தான் இதைத் தூக்கிக்கொண்டு வந்தனான்.”

கண்ணாடி மாற்ற வந்தவர்களில் ஒருவர் வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானா மடிக்கணினியை மெல்ல மூடி மேசைக்குக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

“நான் அழிக்கட்டா?” என்று கேட்டார்.

“இல்லை. நான் அழிக்கிறன்.”

எழும்பித் தன் கதிரையை எனக்குத் தந்தார். அவருடைய விசைப்பலகை மெதுவானது, சத்தமே போடாது. கடைசிச் சொல்லின் பின்னால் போய் நின்று ஒவ்வொன்றாகத் தட்டினேன். பாமினியில் முதலில் புள்ளி போகும், பிறகு எழுத்து போகும், ஆகையால் நேரம் எடுக்கும். பேரப்பிள்ளைகள் போனார்கள். மருமக்கள் போனார்கள். பிள்ளைகள் என்ற சொல்லில் கொஞ்சம் நின்றேன். இளம் வயதில் அவள் அதற்காக எத்தனை கோயிலுக்கு நடந்தாள், எத்தனை வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாள் என்று எனக்கு மட்டுந்தான் தெரியும். அதையும் அழித்தேன்.

பக்கம் இப்போது சரி. நன்றி எல்லோருக்கும் அப்படியே இருந்தது. அடியில் ‘இங்ஙனம், கணவர்’ என்று மட்டும் வலப் பக்க மூலையில் நின்றது. பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளை இடம்.

நானா பின்னால் நின்று பார்த்தார். கடைக்கு வருகிற எத்தனையோ பேருடைய விண்ணப்பங்களையும் அழைப்பிதழ்களையும் சரிப்படுத்திக் கொடுத்தவர், வெறும் இடத்தைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும்.

“அந்த இடம் வெறுமையாக் கிடக்கு ஐயா” என்றார். “எழுத்தக் கொஞ்சம் பெருசாக்கி நடுவுல வைக்கட்டா?”

நான் அந்த இடத்தைப் பார்த்தேன். எட்டு வருடமாக நான் இருந்த வீட்டின் அளவு அதுதான்.

“வேண்டாம் நானா. இப்பிடியே அனுப்பிவிடுங்கோ” என்று சொல்லி, மச்சாளின் இலக்கத்தைக் கொடுத்தேன்.